பைண்டிங் கடைப் பையன் பாரடே



நம்ம காலேஜ் மின்னியல் லேபுல பாரடே பேரைச் சொல்லாத நாளே கிடையாது. பாரடே விதியை எழுது என்றால் ரெண்டு மார்க். நாமும் அடி பிசகாமல் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அந்த மனுஷன் யார், எந்த ஊர், எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? நானும் கேட்டதில்லை. கேட்க வைத்தவர் எங்க அப்பா.

எங்க அப்பா மோட்டார் ரீவைண்டிங் கடையில் கூலிக்குக் காயில் கட்டுகிறவர். பள்ளிக்கூட லீவு விட்டால் நானும் கூடவே போவேன். சுத்து எண்ணுவது என் வேலை. எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். முதல் வருஷம் முடிகிற சமயம் ஒரு நாள் அப்பா என்னைப் பார்த்து, டிரான்ஸ்பார்மரில் இந்தக் காயிலுக்கும் அந்தக் காயிலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அப்புறம் எப்படிடா தம்பி கரண்டு தாண்டிப் போகுது என்று கேட்டார். இருபது வருஷமாக அந்த வேலையைச் செய்கிறவர் கேட்கிறார். நான் மனப்பாடம் செய்திருந்த இங்கிலீஷ் வரியை அப்படியே ஒப்பித்தேன். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதே மாதம் ரிசல்ட் வந்தது. கணக்கில் அரியர். படிப்பு நமக்கு ஒத்து வராது, அப்பாவோடு கடைக்கே போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டு லைப்ரரிக்குப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அங்கே கீழ்த் தட்டில் அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகம் கண்ணில் பட்டது. பாரடேயின் வாழ்க்கை. நின்றுகொண்டே பத்துப் பக்கம் படித்தேன். பிறகு தேடித் தேடிப் படித்தேன். படித்ததை என் நண்பர்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதுதான் இந்தக் கட்டுரை.

கொல்லர் வீட்டுப் பிள்ளை

மைக்கேல் பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் லண்டனை ஒட்டிய நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ், கொல்லர். இங்கிலாந்தின் வடக்குப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி லண்டன் வந்த குடும்பம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், உலைக்களத்தில் நிற்க முடியாத நாட்களே அதிகம். வீட்டில் நாலு பிள்ளைகள். 1801-இல் தானிய விலை ஏறிக் கிடந்தபோது, ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு ரொட்டிதான் பாரடேக்குக் கிடைத்தது என்பார்கள். பத்து வயதுப் பையன் அந்த ஒரு ரொட்டியைத் துண்டு போட்டு ஏழு நாளுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். நினைத்துப் பாருங்கள்!

பள்ளிப் படிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எழுத, படிக்க, கொஞ்சம் கூட்டிக் கழிக்க. அவ்வளவுதான். 1804-இல் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். பேப்பர் போடுவது, வாங்கி வருவது, கடையைக் கூட்டுவது. பையனின் ஒழுக்கத்தைப் பார்த்த ரீபோ, அடுத்த வருஷமே அவனைப் பைண்டிங் வேலைக்கு அப்ரண்டிஸாகச் சேர்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில் தொழில் கற்றுக்கொள்ள முதலாளிக்குப் பணம் கட்ட வேண்டும். ரீபோ ஒரு காசு வாங்கவில்லை. ஏழு வருஷ ஒப்பந்தம்.

தைத்த புத்தகத்தையே படித்தவர்

நம்ம ஊரில் பைண்டிங் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். பாரத்தை மடிப்பது, ஊசி நூல் கோத்துத் தைப்பது, பசை தடவுவது, அட்டை கட்டுவது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் பார்ப்பார்கள்? பாரடே பார்த்தார். பைண்டிங்குக்கு வந்த பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவர் கையில் சிக்கியது. ஜேன் மார்செட் என்ற அம்மையார் எழுதிய வேதியியல் உரையாடல்கள் என்ற புத்தகமும் கிடைத்தது. டீச்சரும் மாணவிகளும் பேசிக்கொள்வது போல எளிமையாக எழுதப்பட்ட புத்தகம் அது. பின்னாளில் உலகமே கொண்டாடிய விஞ்ஞானியான பிறகும் பாரடே அந்த அம்மையாரைத் தன் முதல் குருவாக மதித்தார்.

படித்ததோடு விடவில்லை. புத்தகத்தில் போட்டிருப்பது நிஜமா என்று செய்து பார்க்கத் தோன்றியது. கையிலிருந்த சில்லறைக்குக் கண்ணாடிக் குப்பி வாங்கி, நிலைமின்சாரம் உண்டாக்கும் சின்ன இயந்திரம் ஒன்றைத் தானே செய்தார். இந்தக் குணம் கடைசி வரை போகவில்லை. யார் சொன்னாலும், தன் கையால் ஒருமுறை செய்து பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டார்.

1810-இல் ஊரில் டேட்டம் என்பவர் நடத்திய அறிவியல் சொற்பொழிவுகளுக்குப் போக ஆசை. கட்டணம் ஒரு ஷில்லிங். பையில் ஏது காசு? அண்ணன் ராபர்ட் கொடுத்தார். அண்ணனும் கொல்லர்தான். அந்த வருஷமே அப்பா இறந்துபோனார்.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். சொற்பொழிவில் காட்டும் கருவிகளை நோட்டில் வரைந்து வைக்க வேண்டும், ஆனால் பாரடேக்கு வரையத் தெரியாது. ரீபோவின் வீட்டில் மாஸ்கரியே என்ற ஓவியர் குடியிருந்தார். பாரடே அவருடைய அறையைத் துடைத்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பதிலாக அவர் பாரடேக்குத் தூரம் அருகாமை தெரியும்படி வரையும் வித்தையைக் கற்றுக்கொடுத்தார். நம்மில் பாதிப் பேர் ட்ராயிங் வகுப்பென்றாலே கடைசி பெஞ்சைத் தேடுகிறோம். பாரடே ஷூ துடைத்துக் கற்றுக்கொண்டது அந்த ட்ராயிங்கைத்தான். இந்த ஓவியக் கண் பிற்பாடு எங்கே போய் உதவியது என்று பாருங்கள், கடைசியில் சொல்கிறேன்.

நாலு டிக்கெட்டும் ஒரு நோட்டும்

1812-ஆம் ஆண்டு. கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர், வில்லியம் டான்ஸ் என்று பெயர், இந்தப் பையனின் ஆர்வத்தைப் பார்த்து, ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி நடத்தும் நாலு சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். டேவி அன்றைக்கு இங்கிலாந்தின் நட்சத்திரம். சோடியம், பொட்டாசியம் என்ற தனிமங்களைப் பிரித்தெடுத்தவர். அவர் பேச்சைக் கேட்கப் பணக்காரர்கள் கோச்சு வண்டியில் வந்து இறங்குவார்கள். பாரடே மேல் மாடத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் குறிப்பெடுத்தார். வீட்டுக்கு வந்து விரிவாக எழுதி, படம் போட்டு, தானே பைண்டிங் செய்தார். 300 பக்கத்துக்கு மேல் வந்தது!

அப்ரண்டிஸ் காலம் முடிந்தது. வேறொரு பைண்டிங் முதலாளியிடம் வேலை. அவரோ கோபக்காரர். பாரடேக்கு மனசு ஒட்டவில்லை. அறிவியல் சார்ந்த ஏதாவது ஒரு வேலை, பாட்டில் கழுவுகிற வேலையானாலும் சரி என்ற நிலை. ராயல் சொசைட்டியின் தலைவருக்குக் கடிதம் போட்டார். பதிலே இல்லை. டிசம்பரில் அந்தப் பைண்டிங் நோட்டை டேவிக்கே அனுப்பி வைத்தார். டேவி கூப்பிட்டுப் பேசினார். அன்பாகத்தான் பேசினார். ஆனால் வேலை காலி இல்லை, பைண்டிங் தொழிலையே விடாமல் பார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நண்பர்களே, இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்தது. உனக்கு இது எதுக்கு, உன் தொழிலைப் பார் என்று பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்வது இருக்கிறதே, அதுதான் அதிகமாக வலிக்கும். திட்டினால் எதிர்த்து நிற்கலாம். நல்லதுக்குச் சொல்கிறவரை என்ன செய்வது?

சில வாரம் போயிற்று. டேவியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் ஒருவர் சண்டை போட்டு வேலையை இழந்தார். டேவிக்கு அந்த நோட்டு நினைவுக்கு வந்தது. 1813 மார்ச் 1-ஆம் தேதி பாரடே வேலைக்குச் சேர்ந்தார். வாரம் 25 ஷில்லிங் சம்பளம், மாடியில் தங்க இடம், எரிக்கக் கரி, மெழுகுவர்த்தி. சிபாரிசு எதுவும் இல்லை. ஒழுங்காக எழுதிய ஒரு நோட்டுதான் சிபாரிசு.

சீமான்களின் நடுவே

அந்த வருஷக் கடைசியில் டேவி தம்பதியர் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் கிளம்பினார்கள். கூட வரவேண்டிய வேலைக்காரர் கடைசி நேரத்தில் மறுத்துவிட்டார். தற்காலிகமாக அந்த வேலையையும் பாரடே பார்க்க வேண்டியதாயிற்று. தற்காலிகம் என்றது பயணம் முடியும் வரை, ஒன்றரை வருஷம், நீண்டது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். மனம் வெறுத்துத் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார் பாரடே. ஆனாலும் அதே பயணத்தில்தான் ஆம்பியரைப் பார்த்தார், வோல்டாவைப் பார்த்தார். நாம் ஆம்பியர், வோல்ட் என்று மீட்டரில் படிக்கிறோமே, அந்த ஆட்களையே நேரில் பார்த்தவர் அவர்! வைரத்தின் மேல் பூதக்கண்ணாடியால் சூரிய ஒளியைக் குவித்து டேவி எரித்துக் காட்டியபோது பக்கத்தில் நின்றவரும் அவர்தான். அவமானமும் பாடமும் ஒரே வண்டியில் வந்தன. அவர் பாடத்தை எடுத்துக்கொண்டார்.

அவருக்கு இலக்கணம் சரியாக வராது. பேச்சிலும் தடுமாற்றம். மாக்ரத் என்ற நண்பர் வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, பல வருஷம் அவருடைய மொழியைத் திருத்தினார். மேடையில் பேசக் கற்றுக்கொள்ளக் காசு கொடுத்துத் தனி வகுப்புக்கும் போனார். இங்கிலீஷ்காரருக்கே இங்கிலீஷ் டியூஷன்! இங்கிலீஷ் மீடியத்தைப் பார்த்து நடுங்குகிற நாம் இதை மறக்கக் கூடாது.

பழியும் புகழும்

1820-இல் டென்மார்க் விஞ்ஞானி ஓர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பி பக்கத்தில் இருக்கும் காந்த ஊசியைத் திருப்புகிறது என்று கண்டுபிடித்தார். 1821 செப்டம்பரில் பாரடே ஒரு பாத்திரத்தில் பாதரசம் ஊற்றி, நடுவில் காந்தத்தை நிறுத்தி, மேலேயிருந்து ஒரு கம்பியைத் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினார். கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. மின்சாரத்தால் தொடர்ந்து சுழலும் முதல் கருவி. இன்றைக்கு மிக்ஸியிலிருந்து பம்ப்செட் வரை ஓடும் மோட்டாருக்கெல்லாம் மூத்தது அது.

சந்தோஷம் நிலைக்கவில்லை. வொலாஸ்டன் என்ற பெரிய விஞ்ஞானி இதையொட்டிய ஒரு முயற்சியை டேவியோடு சேர்ந்து முன்பே செய்து பார்த்திருந்தார். பாரடே அவசரத்தில் அவர் பெயரைக் குறிப்பிடாமல் கட்டுரையை வெளியிட்டுவிட்டார். யோசனையைத் திருடிவிட்டான் என்று ஊர் பேசியது. உண்மையில் வொலாஸ்டன் எதிர்பார்த்தது கம்பி தன்னைத்தானே சுற்றும் என்பது. பாரடே காட்டியது வேறு. இருந்தாலும் பழி பழிதானே! 1824-இல் ராயல் சொசைட்டி உறுப்பினராக அவர் பெயர் வந்தபோது, தலைவராயிருந்த டேவியே எதிர்த்தார். ரகசிய வாக்கெடுப்பில் எதிராக விழுந்தது ஒரே ஓட்டு. பாரடே தேர்வானார். தன்னைத் தூக்கிவிட்ட கையே தடுத்தது. ஆனாலும் டேவியைப் பற்றி அவர் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை.

காடாத் துணி சுற்றிய காயில்

இப்போது எங்க அப்பா கேட்ட கேள்விக்கு வருவோம்.

மின்சாரம் காந்தத்தை உண்டாக்கினால், காந்தம் மின்சாரத்தை உண்டாக்க வேண்டாமா? பாரடே பல வருஷம் முயன்று பல முறை தோற்றார். 1831 ஆகஸ்ட் 29. ஆறு அங்குல விட்டமுள்ள ஒரு இரும்பு வளையம். அதன் ஒரு பக்கம் செப்புக் கம்பிக் காயில், மறுபக்கம் இன்னொரு காயில். அன்றைக்கு இனாமல் கம்பி ஏது, லெதராய்டு பேப்பர் ஏது? சுத்துக்குச் சுத்து நூலும் காடாத் துணியும் வைத்துக் கையாலேயே கட்டினார். பைண்டிங் வேலை பார்த்த கை அல்லவா!

முதல் காயிலில் பேட்டரியை இணைத்தார். இரண்டாவது காயிலோடு இருந்த காந்த ஊசி ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தது, ஊசி அசையவில்லை. பேட்டரியைக் கழற்றினார். ஊசி எதிர்ப்பக்கம் துள்ளியது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. மின்சாரம் இருப்பதால் ஒன்றும் நடக்கவில்லை. அது மாறும்போதுதான், அதாவது காந்தப்புலம் கூடும்போதும் குறையும்போதும்தான், அடுத்த காயிலில் மின்சாரம் பிறக்கிறது. இத்தனை வருஷம் அவர் தோற்றதற்குக் காரணமும் இதுதான். நிலையாக ஓடும் மின்னோட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தார். வந்ததோ கண்ணிமைக்கும் நேரம். ஏ.சி. கரண்டு ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பதால் டிரான்ஸ்பார்மர் ஓயாமல் வேலை செய்கிறது. டி.சி. கொடுத்தால் ஏன் வேலை செய்யாது என்று வைவாவில் கேட்பார்களே, பதில் இந்த வளையத்தில் இருக்கிறது.

அக்டோபர் 17-இல் காயிலுக்குள் காந்தத்தை நுழைத்து எடுத்தே மின்சாரம் உண்டாக்கினார். அக்டோபர் 28-இல் பெரிய காந்தத்தின் முனைகளுக்கிடையே செப்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ச்சியாக மின்சாரம் எடுத்தார். ஜெனரேட்டர் பிறந்தது. நம்ம மேட்டூர் அணை மின்நிலையத்தில் தண்ணீர் சுழற்றுவதும் இந்தத் தத்துவத்தைத்தான்.

கணக்கு தெரியாத மேதை

பாரடே ஒரு மனுஷனா பத்து மனுஷனா என்று சந்தேகமே வரும். 1825-இல் பென்சீனைக் கண்டுபிடித்தார். மின்பகுப்பு விதிகளைத் தந்தார். 1836-இல் 12 அடி அறை ஒன்றைக் கட்டி, வெளியே மின்னேற்றம் செய்து, உள்ளே தானே உட்கார்ந்து ஒன்றும் ஆகாது என்று காட்டினார். 1845-இல் காந்தம் ஒளியின் மேல் வேலை செய்வதைக் கண்டார். குழந்தைகளுக்காகக் கிறிஸ்துமஸ் காலத்தில் சொற்பொழிவு நடத்தினார். ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் வைத்துக்கொண்டு வேதியியல் முழுவதையும் சொன்னது புத்தகமாகவே வந்திருக்கிறது.

ஆனால் அவருக்கு உயர்கணிதம் தெரியாது! நம்புங்கள். சமன்பாடு போடத் தெரியாத அவர் படம் போட்டார். காந்தத்தின் மேல் காகிதம் வைத்து இரும்புத் தூளைத் தூவினார். வளைந்து வளைந்து நிற்கும் கோடுகளைப் பார்த்தார். அந்தக் காலி இடத்தில் நிஜமாகவே ஏதோ இருக்கிறது, விசை கோடு கோடாகப் பரவுகிறது என்றார். ஷூ துடைத்துக் கற்ற ஓவியக் கண் பார்த்த பார்வை அது. கணித மேதைகள் பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாரடே வளையம் கட்டிய அதே 1831-இல் பிறந்த மேக்ஸ்வெல் என்ற இளைஞர், பாரடேயின் கோடுகளை எடுத்துக்கொண்டு அதற்குக் கணக்கு வடிவம் கொடுத்தார். அதைப் படித்த பாரடே 1857-இல் அவருக்குக் கடிதம் எழுதினார். இந்த முடிவுகளைக் கணக்கில் சொல்வதுபோலவே எங்களைப் போன்றவர்களுக்குப் புரியும் சாதாரண மொழியிலும் சொல்லக்கூடாதா என்று கேட்டிருந்தார். கேட்பவருக்கு வயது 66. உலகப் புகழ் பெற்றவர். எனக்குப் புரியவில்லை என்று சொல்ல அவர் வெட்கப்படவில்லை. மேக்ஸ்வெல்லும், பாரடேயின் முறையும் ஒருவகைக் கணிதமே, குறியீடுகள்தான் இல்லை என்று பின்னர் எழுதினார். 1865-இல் மேக்ஸ்வெல் ஒளியே ஒரு மின்காந்த அலை என்று நிறுவினார். நம்ம கையிலிருக்கும் செல்போன் வரை அங்கிருந்து வந்ததுதான்.

மறதி

அவருடைய வாழ்க்கையில் என்னை அதிகம் உலுக்கியது கண்டுபிடிப்பு அல்ல. அவருக்கு நடுத்தர வயதிலிருந்தே ஞாபக மறதி. தலைசுற்றல் வேறு. 1840 வாக்கில் சில வருஷம் ஆய்வையே நிறுத்தவேண்டி வந்தது. செய்த சோதனையையே மறந்துவிடுவார். அதற்கு அவர் கண்ட மருந்து நோட்டுதான். ஒவ்வொரு சோதனையையும், தோற்றதையும் சேர்த்து, வரிசை எண் போட்டு எழுதினார். 16,000 எண்களையும் தாண்டிப் போனது. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ராத்திரியோடு ராத்திரியாகக் காப்பியடிக்கிறோமே நாம், அவருக்கு அந்த ரெக்கார்டுதான் மூளை.

சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டித் தலைவர் பதவியும் வேண்டாம் என்றார். 1844-இல் ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 95 பேர் இறந்தபோது அரசு அனுப்ப, நேரில் போய் விசாரித்தார். கப்பல்கள் மோதாமலிருக்கக் கலங்கரை விளக்கங்களுக்கு ஆலோசகராக இருந்தார். மனைவி சாரா கடைசி வரை துணை. பிள்ளைகள் இல்லை. 1867 ஆகஸ்ட் 25-இல், நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் பிரிந்தது. அவர் விருப்பப்படி ஆடம்பரம் இல்லாமல் ஹைகேட் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். கெப்பாசிட்டர் மேல் நாம் படிக்கும் ஃபாரட் என்ற அலகு அவர் பெயர்தான்.

கடைசியாக...

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை அப்பா கடைக்குப் போனேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று, கழித்துப் போட்ட ஒரு காயில், முள் மீட்டர் ஒன்று. காந்தத்தைக் காயில் பக்கம் வேகமாகக் கொண்டுபோனேன். முள் துள்ளியது. அப்படியே நிறுத்தினேன். முள் பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டது. இழுத்தேன். எதிர்ப்பக்கம் துள்ளியது. மாறினால்தான் வரும்ப்பா, சும்மா இருந்தால் வராது என்று தமிழில் சொன்னேன். அப்பா என் கையிலிருந்து காந்தத்தை வாங்கிக்கொண்டார். பத்து இருபது தரம் அவரே செய்து பார்த்தார். டீ ஆறிப்போய்விட்டது.

கணக்கு அரியர் இன்னும் இருக்கிறது. வருகிற நவம்பரில் எழுதுகிறேன். படிப்பை நிறுத்தும் யோசனையை நிறுத்திவிட்டேன். உங்களில் யாராவது அந்த யோசனையில் இருந்தால், லைப்ரரியில் கீழ்த் தட்டில் அந்த அட்டை கிழிந்த புத்தகம் இருக்கிறது. எடுத்துப் படியுங்கள். முடிந்தால் பைண்டிங் செய்து கொடுங்கள்!



– இரண்டாம் ஆண்டு மாணவன்,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை